கூரை கழன்ற கார்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து அவற்றை எண்ணிப் பார்க்காத மாணவர் நம் கல்லூரியில் அரிது. ஆனால் அந்த வளைவுகளுக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போன்ற ஒரு கார் நம் மாநிலத்திலேயே உருவானது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்ட்.

இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்த கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் நம்மவர்கள் அதைச் செய்தார்கள். முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தரக்கூடிய ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், ட்ரையம்ஃப் கம்பெனியார் தனி அடிச்சட்டம் அமைத்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இல்லாமையில் பிறந்த அந்த ஏற்பாடே வரமாயிற்று. போல்ட்டுகளைக் கழற்றிக் கூரையைத் தூக்கிவிட்டால் அது திறந்த கார். அடிச்சட்டத்தைக் குட்டையாக்கியதும் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்தன. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் ஹெரால்டுக்குக் கொண்டை ஊசி வளைவு ஒரு பொருட்டே அல்ல.

ஆண்டுகளும் பெயர்களும் நான் படித்து அறிந்தவை. வளைவில் அந்தக் கார் திரும்பும் விதம் என் தந்தை சொல்லி அறிந்தது. மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் அவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சேர்வராயன் மலையிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் கூரை கழற்றப்பட்ட ஹெரால்ட் ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வயதில் எடுபிடியாகச் சேர்ந்த நாள் முதல் அதைப் பராமரித்து வருபவர் அவரே.

மலை ஏறியதும் கார்புரேட்டர் திருகைச் சற்றே திருப்புவார். "மேல காத்து கம்மி கண்ணு, பெட்ரோலையும் கம்மியாத்தான் குடுக்கணும்" என்பார். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதை நான் வகுப்பில் படித்தது பின்னர்தான். வண்டி பாதி மலையில் இரைத்து நின்றால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது என்பது அதன் விளக்கம். விளக்கம் என்னிடம் இருக்கிறது. வண்டியை ஓட வைக்கும் வித்தை அவரிடம் இருக்கிறது.

ஒரே ஒருமுறை அவர் திகைத்ததைப் பார்த்தேன். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் ஊறி, பிசுபிசுத்துப் போயிருந்தது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள் என்றும், பழைய ரப்பருக்கு அது ஆகாது என்றும் சொன்னேன். அதைத் தாங்கும் குழாய் வாங்கி மாட்டினார். அன்று மாலை டீக்கடையில் எல்லோரிடமும், "எம் பையன் சொன்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போது அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பட்டறையில் வேலை பழக ஆளில்லை. பார்க்க ஆளில்லையென்றால் வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். "இந்தக் கறை என்னோட போகட்டும் கண்ணு. நீ வெள்ளச் சட்டையிலேயே இரு" என்று ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

அவர் மனம் எனக்குப் புரிகிறது. என் கல்விக்கான ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கிரீஸிலிருந்து வந்தது. நான் ஸ்பேனரைப் பிடித்தால் தம் உழைப்பு வீணாயிற்று என்றே அவர் கருதுவார். ஆனாலும் நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். ஹெரால்டின் வழிவந்த கெஸல் 1977இல் நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. சில ஆண்டுகளில் தொழிற்சாலையே மூடப்பட்டது. அங்கே பிறந்த வண்டிகளைப் பற்றிய அறிவு இன்று என் தந்தையைப் போன்றோரின் விரல்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

எனவே ஒரு வழி கண்டேன். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வருகிறேன். எழுதுவது அவர் கணக்கில் படிப்பு. ஆகவே தடை சொல்வதில்லை. நாற்பது பக்கம் ஆகிவிட்டது. ஆனால் எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கேட்டால், "அது கைக்குத் தெரியும்" என்கிறார். அதை எப்படி எழுதுவது? தேர்வு முடிந்ததும் மீண்டும் கேட்கப்போகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக நான் ஆவதற்காக, அவர் கடைசி மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.