பிரேக்கில் ஏர் எடுக்க ஒரு கருவி

போன ஐப்பசியில் மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் தாண்டியிருப்போம். பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. வண்டி நின்றது, அதில் குறையில்லை. ஆனால் கால் பஞ்சுப் பொதியில் பதிவது போலிருந்தது. பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மீதி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறங்கினேன். சமவெளிக்கு வந்ததும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. அதுதான் ஏமாற்று வேலை. சூடு ஆறியதும் நோய் ஒளிந்துகொள்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்ற பாஸ்கலின் விதியைப் பிரெஞ்சில்தான் மனப்பாடம் செய்தேன். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். இன்று போடிமெட்டின் 17 வளைவுகளிலும் நம்மைக் காப்பாற்றுவது அவருடைய விதிதான். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்றோ நீராவியோ புகுந்தால், நம் கால் பலமெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு மிச்சம் இருக்காது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, ஈரத்தை உறிஞ்சும் ரசாயனத் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே கணக்கு 230-ம் 155-ம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவியாகும். தட்டையான ரோட்டில் தேனிக்கும் கம்பத்துக்கும் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இந்த வேலையை ஆங்கிலத்தில் ரத்தம் எடுப்பது என்கிறார்கள். பிரெஞ்சில் 'ப்யூர்ஜே', அதாவது பேதிக்குக் கொடுப்பது. நம் ஒர்க்‌ஷாப்பில் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். மூன்றில் நடப்பதை அப்படியே சொல்வது நம்முடையதுதான்.

பல வருடமாக ஒரு மெக்கானிக் வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார். அவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். அவர் சக்கரத்தடியில் ஸ்பேனரோடு படுத்திருக்க, சீட்டில் உட்கார்ந்து 'மிதி', 'பிடி', 'விடு' என்ற கட்டளைக்குக் காலைக் கொடுத்தது என் மனைவி. "ஏங்க, இந்தக் கார் ஓடுறதே என் காலாலதான்" என்பாள். இப்போது அவளுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. மிதிக்கச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஆள் செய்யக்கூடிய கருவி வேண்டும்.

ஆபீஸ் பழக்கம் விடுமா? மூன்று கொட்டேஷன் வாங்கிக் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டேன்.

முதலாவது, கையால் இழுக்கும் வேக்குவம் பம்பு. சக்கரத்து நிப்பிளில் மாட்டி உறிஞ்ச வேண்டும், பெடலைத் தொடவே வேண்டாம். பார்க்க அழகு. ஆனால் நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். குமிழி வந்துகொண்டே இருக்கும். அது உள்ளிருந்த காற்றா, வெளியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாத கருவி எனக்கு எதற்கு?

இரண்டாவது, மேலே ஆயில் டப்பாவில் மாட்டி அழுத்தும் பம்பு. மூன்றில் இதுதான் உசத்தி. 10 முதல் 15 பி.எஸ்.ஐ. கொடுத்துவிட்டு ஒவ்வொரு நிப்பிளாகத் திறந்தால் போதும். ஆனால் அதன் மூடி நம் வண்டி டப்பாவுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். நான் பார்த்த செட்டில் இருந்தவை வெளிநாட்டு வண்டிகளின் மூடிகள். என்னுடையது பழைய வேகன் ஆர். பொருந்தாத மூடி அழுத்தத்தில் கழன்றால் பிரேக் ஆயில் பீய்ச்சி அடிக்கும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும்.

மூன்றாவது, ஒருவழி வால்வு வைத்த கண்ணாடிக் குழாயும் ஒரு பாட்டிலும். விலை சில நூறுதான். மிதித்தால் திரவம் வெளியே போகும், காலை எடுத்தால் வால்வு மூடிக்கொள்ளும், காற்று திரும்பாது. ஒவ்வொரு மிதிக்கும் நிப்பிளைத் திருகி மூட வேண்டியதில்லை. இதைத்தான் வாங்கினேன். விலைக்காக இல்லை. பெடல் என் காலடியில் கெட்டிப்படுவது எனக்கே தெரிகிறது. மலையில் இறங்கப் போவதும் அந்தக் கால்தானே.

செய்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டைத் துண்டு வையுங்கள். பழைய வண்டியில் பெடல் தரைவரை போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை உரசாத துருப்பகுதியில் வாஷர் உரசிக் கிழியும். டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. வற்றினால் காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியென்றால் ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுங்கள். சிலவற்றில் அந்த யூனிட்டுக்குள் இருக்கும் காற்றை எடுக்கக் கம்ப்யூட்டர் மாட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் குழாயில் ஒரு குறை உண்டு. சீட்டில் இருந்து மிதிக்கிறவனுக்குப் பின் சக்கரத்துப் பாட்டில் தெரியாது. நாலு மிதிக்கு ஒரு தடவை இறங்கிப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு தடவை நான் போய்வந்ததைப் பார்த்துவிட்டு, மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைச் சக்கரத்தருகே போட்டு, டார்ச்சோடு உட்கார்ந்துகொண்டாள்.

"குமிழி வருது... இன்னும் வருது... மிதிங்க... இப்ப சின்னச் சின்னதா வருது... இருங்க, நின்னுருச்சு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். அடுத்த சக்கரத்துக்கு நாற்காலியத் தூக்கிட்டு வாங்க."