உள்ளிருந்து மூடும் கதவு

துருக்கியின் நடுவில் கோரெமே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, பிறகு வடக்கே ஏறி, மாலையில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் சாலை வளையம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இந்தப் பகுதியின் பெயர் கப்படோக்கியா; இங்குள்ள வழிகாட்டிகள் இந்த வளையத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘பச்சைப் பயணம்’. வறண்ட பீடபூமியைப் பிளந்து ஓடும் மெலந்திஸ் ஆற்றின் கரை மரங்கள்தான் அந்தப் பச்சை. ஆனால் ஒரு நாள் முழுதும் அந்தச் சாலையில் போய் வந்த பிறகு, என் மனத்தில் நின்றது மரங்கள் அல்ல, கதவுகள்.

காலை ஒன்பதரைக்கு வேன் கிளம்பியது. பல நாட்டவர் பதினான்கு பேர். வழிகாட்டி ஓர் இளம்பெண். ஓட்டுநரை ‘அபி’ என்று கூப்பிட்டாள். அண்ணன் என்று பொருள். வழியில் தேநீர் விற்ற மூதாட்டி அவளுக்குத் ‘தெய்ஸெ’. தாயுடன் பிறந்தவளை அழைக்கும் சொல். முன்பின் அறியாதவரையும் உறவுமுறை சொல்லி அழைக்கும் ஊர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி அந்நியம் போய்விட்டது.

முதல் நிறுத்தம் உச்ஹிசார். பாறையைக் குடைந்த கோட்டை ஒன்று ஊருக்கு மேலே நிற்க, அதன் கீழே புறாப் பள்ளத்தாக்கு விரிகிறது. செங்குத்துப் பாறைகளில் உயரத்தில் சிறு சிறு துளைகள். உள்ளே அறையைக் குடைந்து, புறாக்கள் அடையக் கூடு வெட்டி, வெளியே வாயிலை மட்டும் சிறிதாக விட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை அறையைத் திறந்து எச்சத்தை அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்கு எருவாகப் போடுவார்கள். சாம்பல் மண்ணில் திராட்சை விளைந்தது இந்தப் பறவைகளின் தயவால். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற பட்ட மரத்தில் கிளைதோறும் நீலத் திருஷ்டி மணிகள் தொங்கின.

இந்த நிலத்தின் கதை எரிமலையில் தொடங்குகிறது. கிழக்கே 3,917 மீட்டர் உயர எர்ஜியெஸ், தென்மேற்கே 3,268 மீட்டர் உயர ஹசன் மலை. இவையும் இவற்றைச் சூழ்ந்த பிற எரிமலைகளும் பல லட்சம் ஆண்டுகள் சாம்பலைக் கக்கின. படிந்த சாம்பல் இறுகி டஃப் என்ற மென்கல் ஆனது. மழையும் காற்றும் மென்கல்லைக் கரைத்தன. மேலே கடினக் கல் தொப்பி போல் உட்கார்ந்த இடங்களில் மட்டும் தூண்கள் மிஞ்சின. அவற்றைத்தான் ஊரார் தேவதைகளின் புகைபோக்கி என்கிறார்கள். டஃப் கல்லின் குணம் மனிதனுக்கு வாய்ப்பாக அமைந்தது. புதிதாக வெட்டும்போது இளகிக் கொடுக்கும். வெட்டிய முகம் காற்றுப்பட்டு நாளடைவில் இறுகும். மரம் அரிதான நாட்டில், வீடு கட்டுவதைவிட வீட்டைக் குடைவது எளிது.

நெவ்ஷெஹிர் நகரைக் கடந்து தெற்கே திரும்பினால் சாலை நேராகிறது. இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல். இடையிடையே விதைக்காக வளர்க்கும் பூசணி. விதையை எடுத்துக்கொண்டு சதையை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். சரிவுகளில் இரும்புக் கதவு போட்ட குகைகள் தெரிந்தன. “பழங்காலத்தவையா?” என்று கேட்டேன். “இல்லை, கிழங்குக் கிடங்கு. இப்போதும் குடைகிறார்கள்” என்றாள் வழிகாட்டி. பாறைக்குள் கோடையிலும் பனிக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர். மின்சாரம் இல்லாத குளிர்பதனக் கிடங்கு. குடைவது இங்கே தொல்பொருள் அல்ல, நடப்புத் தொழில்.

கய்மாக்லியைத் தாண்டி, நெவ்ஷெஹிரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தெரின்குயு. பெயரின் பொருள் ஆழ்கிணறு. சாதாரணச் சிற்றூர்: கடைத்தெரு, டிராக்டர், பொம்மை விற்கும் பெண்கள். அந்தத் தெருவுக்கு அடியில் 85 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நகரம் இறங்குகிறது. 1963-இல் ஒருவர் தம் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தபோது பின்னால் ஓர் அறை தெரிந்தது. அறைக்குப் பின்னால் பாதை. பாதைக்குக் கீழே தளம் தளமாக ஊர். 1969 முதல் பார்வையாளர்கள் போகலாம். 1985-இல் யுனெஸ்கோ கோரெமே பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது தெரின்குயு, கய்மாக்லி ஆகிய இரண்டு ஊர்களின் நிலத்தடி நகரங்களும் அதில் சேர்ந்தன.

“மூச்சுக் கோளாறு, மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் வெளியிலேயே இருங்கள், வெட்கப்பட வேண்டாம்” என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிட்டாள். உள்ளே போனவுடன் தொழுவம். மாடு ஆடுகளைக் கீழே இறக்க முடியாது என்பதால் மேல்தளத்திலேயே வைத்திருக்கிறார்கள், சுவரிலேயே தீனித்தொட்டி வெட்டியிருக்கிறார்கள். அடுத்துத் திராட்சை மிதிக்கும் தொட்டி, தானியக் குழிகள், அடுக்களை. பிறகு பாதை குறுகுகிறது. இடுப்பை வளைத்து, ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி படிகள் இறங்க வேண்டும். குறுக்கியதில் காரணம் இருக்கிறது: ஆயுதத்தோடு வரும் வீரன் இங்கே தனியாகத்தான் வர முடியும், குனிந்துதான் வர முடியும்.

ஒரு திருப்பத்தில் காற்றுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். மேலே நாணயம் அளவு வெளிச்சம், கீழே இருட்டு, முகத்தில் குளிர்காற்று. 50 மீட்டருக்கும் மேல் ஆழமான இந்தத் துளைகளால்தான் அடித்தளத்திலும் மூச்சு முட்டவில்லை. சில தண்ணீர்க் கிணறுகளுக்கு மேலே திறப்பே கிடையாது. எதிரி தெருவிலிருந்து நஞ்சு கலந்துவிடக் கூடாதே.

கதவைப் பார்த்தது அங்கேதான். பெரிய திரிகைக் கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு வட்டக் கல். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் விட்டம், பல நூறு கிலோ எடை. பாதையின் பக்கவாட்டில் அதற்கென வெட்டிய பள்ளத்தில் காத்திருக்கும். ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் உருட்டிப் பாதையை அடைப்பார்கள். நடுவில் ஒரு துளை; வெளியே நிற்பவனைப் பார்க்க, தேவைப்பட்டால் ஈட்டியை நீட்ட. வெளியிலிருந்து தள்ளினால் அசையாது. உள்ளிருந்து மட்டுமே மூடலாம், உள்ளிருந்து மட்டுமே திறக்கலாம்.

இதைக் குடைந்தது ஒரு தலைமுறையின் வேலை அல்ல. தொடக்கம் கிறிஸ்துவுக்கு முந்தையது என்று கருதுவோர் உண்டு. பைசாந்தியக் காலத்தில், அரபுப் படைகள் ஆண்டுதோறும் மலை கடந்து வந்த நூற்றாண்டுகளில் நகரம் விரிந்தது. கீழ்த் தளங்களில் ஒன்றில் சிலுவை வடிவில் ஒரு தேவாலயம் குடைந்திருக்கிறார்கள். படைகள் மாறின, அரசுகள் மாறின. குகைகளின் பயன் மட்டும் தீரவில்லை. 1909-இல் அதானாவில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, ஆக்ஸோ என்ற கப்படோக்கிய ஊரின் கிரேக்கர்கள் நிலத்தடி அறைகளில் இறங்கிச் சில இரவுகள் அங்கேயே உறங்கியதை, இப்பகுதியின் கிரேக்கப் பேச்சு வழக்கை ஆராய வந்த இங்கிலாந்து அறிஞர் ஆர். எம். டாக்கின்ஸ் பதிவு செய்திருக்கிறார். நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புகூட, பயம் வந்தால் பாட்டன் வெட்டிய படியில்தான் இறங்கியிருக்கிறார்கள்.

மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும் பலரும் தண்ணீரும் கழிப்பறையும் தேடிப் போனார்கள். வாயிலிலிருந்து சில அடி நடந்தால் பெரிய கல் தேவாலயம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. தரைக்கு மேலே, ஊர் நடுவில், தலை நிமிர்ந்து நிற்பது. 1858-இல் கட்டியது. ஒட்டோமான் அரசு எல்லா மதத்தாருக்கும் சம உரிமை அறிவித்த காலம் அது. தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குள் சிலுவை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இனி ஒளிய வேண்டாம் என்று நம்பி வெளியே எழுப்பிய கோவில். அந்த நம்பிக்கைக்கு 65 ஆண்டு ஆயுள்.

1923 ஜனவரி 30 அன்று லொசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழியைத் தவிர வேறு மொழி அறியாத கிறிஸ்தவர்களும் கிரேக்கத்துக்குப் போக வேண்டும்; கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம்களும் துருக்கிக்கு வர வேண்டும். இரு நாடுகளுக்கும் நடந்த போரில் முன்பே ஓடியவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள், 4 லட்சம் அளவில் முஸ்லிம்கள். தெரின்குயுவின் கிரேக்கர்களும் அந்தக் கணக்கில் போனார்கள். ஈட்டியைத் தடுத்த கல் ஒரு கையெழுத்தைத் தடுக்கவில்லை. அவர்கள் கதவை உடைத்து யாரும் இழுத்துப் போகவில்லை. தாங்களே திறந்து வெளியேறினார்கள். அவர்கள் கொண்டுபோன கப்படோக்கியக் கிரேக்க மொழி அழிந்துவிட்டதென்றே அறிஞர்கள் எண்ணினார்கள். 2005-இல் கிரேக்கத்தில் அதைப் பேசும் குடும்பங்கள் கண்டறியப்பட்டன. மொழிக்குப் பாறையைவிட நல்ல ஒளிவிடம் வாய்த்திருந்தது: வீட்டுப் பேச்சு.

சாலை மேற்கே திரும்பிப் பீடபூமியில் ஏறுகிறது. மரம் இல்லை, ஆடுகள் உண்டு. ஹசன் மலை முன்னால் வளர்ந்துகொண்டே வருகிறது. திடீரென்று நிலம் பிளந்து, நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம் காலடியில். இதுதான் இஹ்லாரா. மெலந்திஸ் ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய 14 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு. 380-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் காற்றே வேறு: ஈரம், நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்ளார் மரங்கள், வில்லோ நிழல், ஆற்றின் சலசலப்பு.

இரண்டு கரைப் பாறைகளிலும் தேவாலயங்கள். நான்காம் நூற்றாண்டில் கெய்சேரியின் ஆயர் பசில் துறவிகளைக் கூட்டாக வாழச் சொல்லி நெறி வகுத்தார். அந்த மரபு வேரூன்றிய நாட்டில் இந்தப் பள்ளத்தாக்கு தண்ணீரும் தனிமையும் சேர்ந்து கிடைத்த இடம். ‘மரத்தடித் தேவாலயம்’, ‘பாம்புத் தேவாலயம்’, ‘மணமுள்ள தேவாலயம்’ என்று ஊரார் பின்னாளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பாம்புத் தேவாலயத்தின் சுவரோவியத்தில் பாவம் செய்த பெண்களைப் பாம்புகள் கடிக்கின்றன; பொய் சொன்னவளுக்கு வாயில் கடி. சிவப்பும் காவியும் சாம்பலும் இன்னும் மங்கவில்லை. ஆனால் கைக்கு எட்டிய உயரத்தில் உருவங்களின் கண்களைச் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தின் மேல் பல எழுத்துகளில், பல மொழிகளில், வந்துபோனவர்களின் பெயர்கள்.

ஆற்றோடு நான்கு கிலோமீட்டர் நடந்தால் பெலிசிர்மா. தண்ணீரின் மேல் போட்ட மரப் பரண்களில் உட்கார்ந்து, கால்களுக்கடியில் ஆறு ஓட, மண்சட்டியில் வெந்த இறைச்சியும் காய்கறியும் சாப்பிட்டோம். அந்த ஊர்ப் பாறையில்தான், பெரும்பாலான குழுக்கள் ஏறிப் பார்க்க நேரமில்லாத உயரத்தில், கிர்க்தாமால்தி தேவாலயம் இருக்கிறது. புனித ஜார்ஜுக்கு உரியது. சுவரில் அதை எடுப்பித்த தம்பதியின் படம்: தமார் என்ற சீமாட்டி, அவளுடைய கணவர் பசில். பசில் கிறிஸ்தவர், செல்ஜுக் சுல்தானிடம் பதவி வகித்தவர். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக அந்த அரசவையின் உடையில் நிற்கிறார். பக்கத்துக் கல்வெட்டு வரிகளில் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் இரண்டாம் ஆன்ட்ரோனிகோஸ் பெயரும் சுல்தான் மசூத் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. 1283-க்கும் 1295-க்கும் இடையில் வரைந்தது. கிறிஸ்தவப் பேரரசரையும் முஸ்லிம் சுல்தானையும் ஒரே சுவரில் மரியாதையோடு எழுத முடிந்த காலமும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. தெரின்குயுவின் கதவுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய சுவர் இது.

பள்ளத்தாக்கின் வட முனை செலிமே. ஆறு சமவெளிக்கு வரும் இடத்தில் பாறை முழுதையும் குடைந்து, தூண்களோடு ஒரு பெரிய தேவாலயம், இரண்டடுக்கு மண்டபம், கூம்புக் கூரையுள்ள அடுக்களை. மடாலயம் என்று பலகை சொல்கிறது. பெருந்தனக்காரர் ஒருவரின் மாளிகை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த அடுக்களையின் கரி படிந்த கூரையை அண்ணாந்து பார்த்தால், யார் வீடானாலும் பந்தி பெரியது என்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

வேன் அங்கிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்புகிறது. ஆறோ அக்சராய் பக்கம் போகிறது. சற்றுத் தொலைவில் அதன் கரையில் ஆஷிக்லி ஹொயுக் என்ற மேடு. 1989 முதல் பேராசிரியை உஃபுக் எசின் தலைமையில் தோண்டத் தொடங்கி, ஏறக்குறைய 10,000 ஆண்டு பழைய ஊரை வெளிக்கொணர்ந்தார்கள். மண்கட்டி வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சுவரில் கதவு இல்லை. கூரையில் வழி விட்டு, ஏணியால் இறங்கியிருக்கிறார்கள். அடுத்து நெடுஞ்சாலையோரம் ஆஸிகராஹான், 13-ஆம் நூற்றாண்டின் செல்ஜுக் சத்திரம். உயர்ந்த மதில், ஒரே வாயில். இரவில் அதை அடைப்பார்கள். ஆனால் எந்த நாட்டு, எந்த மதத்து வணிகன் வந்தாலும் உள்ளே விட்டுத்தான் அடைப்பார்கள். மூன்று நாள் வரை தங்கக் காசு வாங்குவதில்லை என்பது அந்தச் சத்திரங்களின் வழக்கம்.

கூரைக் கதவு, வட்டக் கல், சத்திர வாயில். ஒரே நாளின் வழியில் மூன்றும் வந்தன. மனிதர்கள் பயத்தால் அடைத்துக்கொண்டதற்குச் சாட்சி தெரின்குயு. பயந்தவனை உள்ளே சேர்த்து அடைத்ததற்குச் சாட்சி ஆஸிகராஹான். ஒரு நாட்டை அதன் மதில்களின் உயரத்தால் அல்ல, அடைப்பதற்கு முன் யாரை உள்ளே விட்டது என்பதால்தான் மதிக்க வேண்டும்.

நீங்கள் இந்தச் சாலையில் போக நேர்ந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். பெலிசிர்மாவில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பசிலையும் தமாரையும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தச் சுவரிலும் உங்கள் பெயரை எழுதாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பெயர்களைப் படியுங்கள்.