டோக்கனும் கர்னலும்



"உங்க அப்பா என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "தி.நகர்ல ஜவுளி லைன்" என்று சொல்லி நழுவியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில், பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டரில் நிற்கிறார் அவர்.

ஆபரேட்டிங் சிஸ்டம் செமினாரில் எனக்கு விழுந்த தலைப்பு இன்டரப்ட். கீபோர்டோ நெட்வொர்க் கார்டோ கூப்பிட்டதும் பிராசஸர் கைவேலையை நிறுத்திவிட்டு, கூப்பிட்டது யார் என்று பார்க்க வேண்டும். எக்ஸ்86 கணினியில் இதற்கு 256 வெக்டர்கள். முதல் 32 பிராசஸரின் சொந்த உபயோகத்துக்கு. முன்பு லினக்ஸ் கர்னல் வெக்டர் அட்டவணையிலிருந்து இன்டரப்ட் எண்ணை எடுக்கும். பிறகு அந்த எண்ணோடு ரேடிக்ஸ் ட்ரீ என்ற மரத்தில் இறங்கி டிஸ்கிரிப்டரைத் தேடும். 2015-ல் தாமஸ் கிளைக்ஸ்னர் இதை மாற்றினார். லினக்ஸ் 4.3 முதல் அட்டவணையிலேயே டிஸ்கிரிப்டரின் பாயின்ட்டர் இருக்கிறது.

மனப்பாடம் ஆனது, மண்டையில் ஏறவில்லை. மயிலாப்பூரில் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டில் இரவு பதினொன்றுக்கு விழித்திருந்தேன். அப்பா வேலை முடிந்து வந்தார். "இன்னாடா, தூங்கலியா?" என்றார். ஏதோ சொல்லி வைப்போம் என்று விளக்கினேன்.

"அட, இது நம்ம கவுன்ட்டர் கதைடா! பெரிய பை கீழ, சின்னது மேல. டோக்கன் நம்பரப் பாத்து, நோட்டுல எந்தத் தட்டுன்னு தேடி, அப்பறம் எடுக்கணும். தீபாவளி கூட்டத்துல நோட்டப் பொரட்டினா ஜனம் சும்மா வுடுமா? அதான் அட்டை டோக்கன் பின்னாடியே தட்டு நம்பர பென்சில்ல எழுதிடறேன். ஆனா பை போனதும் ரப்பர் வெச்சு அழிச்சிடணும். இல்லாட்டி அடுத்த ஆளுக்கு வேற எவன் பையாவது போயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கர்னலிலும் அதே எச்சரிக்கைதான்: சாதனத்தைக் கழற்றினால் அதன் பாயின்ட்டரையும் அழித்தாக வேண்டும். செலவும் உண்டு. 64 பிட் கணினியில் 4 பைட் எண் இருந்த இடத்தில் 8 பைட் பாயின்ட்டர். ஒரு சிபியுவுக்கு 1 கேபி அட்டவணை 2 கேபி ஆனது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் இன்டரப்ட் வரும் இடத்தில் இது கொடுக்கத் தகுந்த விலைதான்.

செமினாரில் டோக்கன் உதாரணத்தைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினீர்கள். "எங்கப்பா பிடிச்ச?" என்று சார் கேட்டார். "ஒரு புக்ல படிச்சேன் சார்" என்றேன்.

அன்று இரவு அப்பா கேட்டார்: "நம்ம கவுன்ட்டர் கதையச் சொன்னியா? இன்னா சொன்னாங்க?" எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடையாறுக்குப் போகும்போது, சர்தார் படேல் சாலையில் ஐஐடி வாசலைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். அங்கே வடிவமைத்த சக்தி பிராசஸரில் 2018-ல் லினக்ஸ் ஓடியது. ஒருநாள் அதற்குள் நான் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனால், அந்த உதாரணம் யாருடையது என்று சரியாகச் சொல்வேன்.

சார், அது புக்கில் இல்லை. எங்க அப்பா சொன்னது. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இந்த மலர் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.