தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய கதை

பொருளொன்றை வாங்கப் புகுவோர் அப்பொருளின் தன்மையை ஆராய்தல் வழக்கம். அதனைப் பயன்படுத்தப் போகின்றவரின் நிலையையும் ஆராய்தல் வேண்டும் என்பதனை யான் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியவர் என் ஆச்சி.

எங்கள் வீட்டிற் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த படக்குழாய்ப் பெட்டி மே மாதத் தொடக்கத்தில் ஓய்ந்துவிட்டது. அதற்குரிய உறுப்புகள் இக்காலத்தில் எளிதிற் கிடையா எனப் பழுது பார்ப்பவர் கைவிரித்தார். என் தந்தையார் 25,000 ரூபாயை ஒதுக்கி வைத்து, "கல்லூரியிற் படிக்கின்றாய், எது நல்லதென்று விசாரித்து நீயே சொல்" என்றார். யான் பயில்வதோ தமிழ்; எனினும் அப்பொறுப்பு எனக்குப் பெருமிதம் அளித்தது. குறிப்பேடொன்றில் நீளமாகக் கட்டங்கள் வரைந்து ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

எல்.சி.டி. என்பது நீர்மப் படிகத் திரையாம். 1888ஆம் ஆண்டில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடேற்றியபொழுது, அது முதலிற் கலங்கிய நீர்மமாகவும், மேலும் சூடேறியபின் தெளிந்த நீர்மமாகவும் மாறக் கண்டார். நீர்போல் ஒழுகும் இயல்பும் படிகம்போல் ஒழுங்குற்று நிற்கும் இயல்பும் ஒருங்கே அமைந்த இத்தகைய பொருள்களே இன்று நம் திரைகளில் உள்ளன. இவை தாமே ஒளிரமாட்டா. பின்னுள்ள விளக்கின் ஒளியை வேண்டிய அளவு விடுத்தும் தடுத்தும் படத்தை உண்டாக்கும். பின்விளக்காக முன்னர் மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன, பின்னர் எல்.இ.டி. விளக்குகள் வந்தன. ஆகவே, கடைகளில் எல்.இ.டி. எனப் பெயரிட்டு விற்கப்படுவனவும் பெரும்பாலும் எல்.சி.டி. பெட்டிகளே.

அடுத்து யான் ஆராய்ந்தது புள்ளிகளின் தொகை. எச்.டி. ரெடி எனப்படும் திரையில் 1366க்கு 768 என்ற கணக்கில் ஏறத்தாழப் பத்து இலட்சம் புள்ளிகள் உள. முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080. அஃதாவது இருபது இலட்சத்திற்குச் சற்று மேல். நான்கு-கே திரையிலோ எண்பத்திரண்டு இலட்சத்திற்கும் மேல். புள்ளி மிகுந்ததே சிறந்தது என யான் முதலில் எண்ணினேன். பௌதிகம் பயிலும் தோழர் ஒருவர் தொலைபேசி வழியே என் மயக்கத்தைத் தீர்த்தார். இயல்பான கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தையே பிரித்தறியும். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆகவே ஆறடிக்கு அப்பால் அமர்ந்தால் புள்ளிகள் தனித்துத் தோன்றா என்று கணக்கிட்டுக் காட்டினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் இருப்பது ஒன்பதடித் தொலைவில். அன்றியும், எங்கள் சந்தாவிலுள்ள தமிழ் அலைவரிசைகள் பலவும் 576 கோடுகள் கொண்ட பழைய அளவில் வருவன. அவற்றிற்கு நான்கு-கே திரை வாங்குதல் பணத்தை வீணாக்குவதேயாம் எனத் தெளிந்து, முழு எச்.டி. பெட்டியே போதும் என்று முடிவு செய்தேன்.

எஞ்சியது திரையின் வகை. இவ்விலையில் இரு வகைகள் பெருவழக்காக உள. வி.ஏ. என்னும் வகையிற் கருமை ஆழ்ந்து தோன்றும். இருட்டறையிற் படம் பார்ப்பார்க்கு இன்பம் தரும். ஆனால் பக்கவாட்டிலிருந்து நோக்கின் வண்ணங்கள் வெளிறும். ஐ.பி.எஸ். என்னும் வகையிற் கருமை சற்றே சாம்பல் நிறம் பெறும். எனினும் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் வண்ணம் பெரிதும் மாறாது. இச்செய்தியும் என் குறிப்பேட்டில் உண்டு. முதல்வகைக்கு எதிரே, "பக்கப் பார்வை குறைவு" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். இரவில் விளக்கணைத்துத் திரைப்படம் பார்க்கும் ஆசையால் அவ்வரியை நான் பொருட்படுத்தவில்லை.

தந்தையாரும் யானும் திருநெல்வேலிக்குச் சென்றோம். கடையில் எல்லாப் பெட்டிகளும் கண்கூசும் ஒளியுடன் எரிந்துகொண்டிருந்தன. கடைக்கென்றே அமைத்த ஒளி அது, வீட்டிற்கு ஒவ்வாது. அதனையும் அறிந்தவன் போல் விற்பனையாளரிடம் சொல்லி ஒளியைக் குறைக்கச் செய்தேன். தந்தையார் வியப்புடன் என்னை நோக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் எதிரே நின்று ஒப்பிட்டு, வி.ஏ. வகையில் 43 அங்குலப் பெட்டியொன்றைத் தேர்ந்தேன்.

எங்கள் கூடத்தில் ஆச்சியின் கட்டில் ஓரமாகக் கிடக்கின்றது. இரண்டாண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தது முதல் அவர் நெடுநேரம் அமர இயலாதவர். படுத்தவாறே, ஓரத்திலிருந்துதான் பெட்டியைப் பார்ப்பார். புதுப்பெட்டி வந்த அன்று, "நன்றாயிருக்கிறது, ஐயா" என்றார். நான்கு நாள் கழித்து, "அந்தப் பெண் உடுத்தியிருப்பது வெள்ளைச் சேலையா, ஐயா?" என வினவினார். அஃது இளஞ்சிவப்புச் சேலை. "கண் மங்கிவிட்டது, ஆச்சி, மருத்துவரிடம் காட்டுவோம்" என்று யான் நகைத்துக்கொண்டே சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் அவர் சேலையின் நிறத்தைப் பற்றி எவரிடமும் கேட்கவுமில்லை.

சில நாட்கள் சென்றன. ஒரு பிற்பகலில் அவர் ஒரு கண்ணைக் கையால் மூடியும், பின்னர் மற்றதை மூடியும் திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். யான் அருகிற் சென்று அமர்ந்தேன். "வேதப் புத்தகத்தின் எழுத்துத் தெரிகிறது, ஐயா. பெட்டியில் வரும் முகம் மட்டும் வெளிறிப் போகிறது. முழுக்க இருட்டுமுன் சொல்லிவிட வேண்டுமென்றிருந்தேன், உன் தகப்பனுக்குச் செலவாகுமே" என்றார். சென்ற ஆண்டுதான் அவருக்குக் கண்புரை நீக்கும் சிகிச்சை நடந்தது. அதுவும் பயனற்றுப் போயிற்றென்று இரவுகளில் உறங்காது கிடந்திருக்கின்றார்.

அவருடைய தலையணையருகே என் தலையை வைத்துத் திரையை நோக்கினேன். முகங்கள் சுண்ணம் பூசினாற்போல் இருந்தன. கருங்கூந்தல் சாம்பலாயிருந்தது. ஆச்சியின் கண்ணில் யாதொரு குறையுமில்லை. குறையெல்லாம் என் தேர்விலேயே இருந்தது. நாணத்தால் என் உடல் குன்றியது. "கண் நன்றாயிருக்கிறது, ஆச்சி. இந்தப் பெட்டி ஓரத்தில் இருப்பவர்க்கு இப்படித்தான் தெரியும். அதை அறிந்தும் நான் மறந்துவிட்டேன்" என்றேன். "மெய்யாகவா?" என்று இருமுறை கேட்டார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அதுவே போதும், ஐயா, பெட்டி எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

அன்று மாலை தந்தையாரிடம் நடந்ததை ஒளியாமற் கூறினேன். அவர் சினக்கவில்லை. மறுநாள் ஆயிரத்திருநூறு ரூபாய்க்குச் சுழலும் தாங்கி ஒன்று வாங்கிவந்து சுவரிற் பதித்தோம். திரையை ஆச்சியின் கட்டிலுக்கு நேராகத் திருப்பினோம். இப்பொழுது எங்கள் நாற்காலிகளுக்குத்தான் படம் வெளிறுகின்றது. முதல்நாள் அவ்வாறே பார்த்தோம்; இரண்டாம் நாள் தந்தையார் தம் நாற்காலியைக் கட்டிலின் அருகே இழுத்துப் போட்டார்; என் தங்கையும் யானும் தரையிற் பாய் விரித்தோம். வரும் சேலைகளின் நிறங்களையெல்லாம் ஆச்சி எங்களுக்கு முன்னரே சொல்லிவிடுகின்றார்.

என் குறிப்பேடு இன்னும் என்னிடம் உள்ளது. விலை, புள்ளி, ஒளி, ஒலி என நான் வரைந்த கட்டங்களுக்கெல்லாம் மேலே ஒரு வரியைச் சேர்த்திருக்கின்றேன்: பார்ப்பவர் யார், எங்கே இருப்பார்? தொலைக்காட்சிப் பெட்டி வாங்கக் கருதும் நண்பர்கள் கடைக்குப் புறப்படுமுன் தத்தம் வீட்டில் ஓரத்தில் இருப்பவருடைய இடத்திற் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்பாராக. கடையிலும் அவ்வாறே ஓரமாக நின்று நோக்குவாராக. நான் நேர் எதிரே மட்டும் நின்றேன்.