கேட்டு எழுதுவதும் அமானிதமே



கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள சிறு வணிகர்களுக்குக் கடைப் பலகை, நிகாஹ் அழைப்பிதழ், பொருள்களுக்கான லேபிள் முதலியவற்றை வடிவமைத்துத் தருவது எங்கள் தொழில். வருவோரில் பலர், "பார்க்க அழகாக இருக்க வேண்டும்; நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்பார்கள். அந்த நம்பிக்கை மகிழ்வு தரும். ஆயினும், அதை மட்டும் வைத்து வேலையைத் தொடங்க இயலாது. எனவே கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து வைக்கிறோம். விளம்பரத் துறையினர் அதனைக் 'கிரியேட்டிவ் பிரீஃப்' என்பர். நாங்கள் 'தேவைக் குறிப்பு' என்கிறோம்.

இதனை யார் பார்ப்பார்கள்? எங்கே பார்ப்பார்கள்? பார்த்தபின் என்ன செய்ய வேண்டும்? கட்டாயம் இடம்பெற வேண்டியது எது? இடம்பெறக் கூடாதது எது? இறுதி முடிவு யாருடையது? எந்த நாளில், எவ்வளவு செலவில்? கேள்விகள் இவ்வளவே.

சிதம்பரத்தில் வீட்டிலேயே இறால் ஊறுகாய் செய்து விற்கும் சகோதரி ஒருவர் லேபிள் கேட்டு வந்தார். பச்சை நிறம், பிறை, நடுவே இணையத்திலிருந்து எடுத்த வட்டமான ஹலால் முத்திரை ஆகியவையே அவர் கேட்டவை. யார் வாங்குகிறார்கள் என்று கேட்டோம். அக்கம்பக்கத்தாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிவோரும் என்றார். கடைகளில் வைக்கவில்லையா என்றோம். "கேட்டுப் பார்த்தேன், லேபிள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார். அங்கேதான் அவருடைய உண்மையான தேவை வெளிப்பட்டது.

கடைக்காரர் தேடியது பிறையை அன்று. சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க காலம், முகவரி, அசைவக் குறியீடு, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் ஆகியவற்றையே அவர் தேடினார். அந்த முத்திரையோ, சான்றளிக்கும் ஒரு நிறுவனத்திற்கு உரியது. சகோதரியிடம் அச்சான்று இல்லை. அதனை ஓர் அலங்காரம் என்றே எண்ணியிருந்தார். உணவு ஹலாலாகவே இருந்தாலும், பெறாத சான்றைப் பெற்றதாகக் காட்டுவது பொய்யாகிவிடும் என்று விளக்கினோம், உடனே ஏற்றுக்கொண்டார். பதிவு எண் கிடைத்தபின் லேபிள் அச்சேறியது. பச்சை நிறம் மட்டும் அவர் விருப்பப்படியே இருந்தது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையுடன் எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் அது பணிக்கிறது. அது கடனைப் பற்றிய கட்டளை. எனினும், நம்பிக்கை உள்ள இடத்திலும் எழுத்து தேவை என்னும் பாடத்தை எங்கள் தொழிலுக்கும் எடுத்துக்கொள்கிறோம். எழுதிய தாளில் இருவரும் கையொப்பமிட்டால், பின்னர் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற மனக்கசப்புக்கு இடமிராது.

கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. அதே சூராவில், பசுவை அறுக்குமாறு ஏவப்பட்ட பனூ இஸ்ராயீலர் வயது என்ன, நிறம் என்ன என்று கேட்டுக் கேட்டுத் தமக்கே சிரமத்தைத் தேடிக்கொண்டனர். வேலையைத் தெளிவாக்கும் கேள்வி வேறு. தள்ளிப்போடும் கேள்வி வேறு. அதனால்தான் எங்கள் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை.

தையலோ, கட்டுமானமோ, சமையலோ, பிறருக்காக வேலை செய்யும் எவரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நம்மிடம் ஒப்படைக்கப்படுவது பணம் மட்டுமன்று. ஒருவரின் பிழைப்பும் சேர்ந்தே வருகிறது. அதனை முழுமையாகக் கேட்டறிந்து நிறைவேற்றும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.