ஆற்றங்கரைச் சங்கீதமும் கடற்கரைச் சாலையும்

ஜூன் மாதத்தில்கூட ஏழு மணிக்குள் இருட்டிவிடுகிற புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பாரிஸ் நகரத்தில் அம்மாதம் 21ஆம் தேதி சூரியன் இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர்தான் அஸ்தமிக்கிறான் என்பது, இங்கே குடியேறி எத்தனை காலம் ஆனாலும், முழுமனத்தோடு நம்பக்கூடிய விஷயமாக ஆவதில்லை. ஆயினும், அந்த நீண்ட பகலை உத்தேசித்தே வகுத்தாற்போல அன்று ஸேன் நதியின் இரு கரைகளிலும் நடக்கும் சங்கீத விழாவை நான் தவறவிடுவதில்லை.

1982ஆம் ஆண்டு, பிரான்சின் கலாசார மந்திரியாயிருந்த ழாக் லாங்கும், அவருடைய இலாகாவில் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பொறுப்பேற்றிருந்த மொரீஸ் ஃப்ளரேயும் தொடங்கிவைத்த விழா இது. தேசத்தில் ஐம்பது லட்சம் பேர் ஏதேனும் ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று அக்காலத்தில் எடுத்த கணக்கு தெரிவிக்கவே, அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பானேன், ஒரு நாளாவது வீதிக்கு வரட்டுமே என்று அவர்கள் எண்ணினார்கள். டிக்கெட் கிடையாது, வித்வான், கற்றுக்குட்டி என்ற பேதமும் கிடையாது.

ஒரு பாலத்தின் வளைவுக்கடியில் அக்கார்டியன் வாசிக்க வந்த முதியவர், இரண்டு ஸ்வரம் வாசித்துப் பார்ப்பதும், நாற்காலியைச் சற்றே நகர்த்துவதும், மறுபடி வாசிப்பதுமாக இருந்து, தம்முடைய நாதத்தைக் கல்சுவர் திருப்பித் தருகிற இடம் அகப்பட்ட பிறகே நிம்மதியாக உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சுற்றி நின்றவர்களில் யார் பிரஜை, யார் விசாவில் வந்தவர் என்று எவரும் விசாரிக்கவில்லை. பிடித்தவர் நின்றார், பிடிக்காதவர் அடுத்த பாலத்தை நோக்கி நடந்தார்.

அந்த விசாரணையின் பாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சு வசமிருந்த புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்கு அளித்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆகிவிட்ட வீடுகள் உண்டு. அதற்கும் வெகு காலம் முன்னமே ஊருக்குள் ஓர் எல்லை இருந்தது: பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் குடியிருப்பு. கடற்காற்று இரண்டுக்கும் பொதுவாக வீசினாலும், கரை பொதுவாக இருக்கவில்லை.

வெட்டவெளிச் சங்கீதம் நமக்கும் புதிதன்று. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலிய மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுகையில், சுவாமிக்கு முன்னே நாகஸ்வரமும் தவிலும் முழங்கிச் செல்லும். பாலத்தின் வளைவைப் போலக் கடல் எதையும் திருப்பித் தராது. காற்றோ நாதத்தை வாரிக்கொண்டு போய்விடும். வீணை அங்கே எடுபடாது. அந்தக் காற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல் நாகஸ்வரத்துக்கு உண்டு. ஆனால் ஒன்றையும் மறைப்பதற்கில்லை: நம் திருவிழாக்களில் யார் எங்கே நிற்பது, முதல் மரியாதை யாருக்கு என்ற கணக்கு, நாதத்தோடு கூடவே நடந்து வந்திருக்கிறது. சபாக்கள் தோன்றியபோது அந்தக் கணக்கு முன்வரிசை நாற்காலிகளில் ஏறி அமர்ந்தது. வாசிப்பவனை வீதிக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். கேட்பவனுக்கு, இஷ்டப்பட்ட இடத்தில் நின்று இஷ்டப்பட்டபோது போகும் சுதந்திரம் உண்டென்பதை நான் அனுபவித்து அறிந்தது அந்நிய நாட்டு ஆற்றங்கரையில்.

அந்த ஜூன் மாத விழா இப்போது புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மாலை வேளைகளில் வாகனங்களைத் தடுத்து ஜனங்கள் நடப்பதற்கென்றே விட்டுவிடுகிற கடற்கரைச் சாலையைக் காட்டிலும் அதற்கு ஏற்ற இடம் வேறெது? கிதாரும் டிரம்ஸும் தாராளமாக ஒலிக்கட்டும். ஆனால் நாகஸ்வர வித்வான் ஒருவர் அவற்றுக்குச் சமதையாக, காந்தி சிலைக்கு எதிரே, மரியாதைக் கணக்கு எதுவுமின்றி நின்று வாசிக்காத வரையில், என் மட்டில் அந்த விழா பூர்த்தியாகாது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தேதியை மட்டுமல்ல, யாரையும் ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேளாதிருக்கும் அந்தப் பண்பையும்தான்.