வயல் நடுவே ஒரு தீவு

நெதர்லாந்தின் ஸ்கோக்லாண்ட் தீவுக்குப் போகப் படகு வேண்டாம், சைக்கிள் போதும். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள். ஒரு காலத்தில் அங்கே உள்கடல் அலையடித்தது. அலைகள் தீவை அரிக்க, வறுமையில் வாடிய மீனவக் குடும்பங்களை, சுமார் 650 பேரை, 1859-ல் அரசு வெளியேற்றியது. 1932-ல் பெரிய அணை கடலை மறித்தது. 1942-ல் தீவைச் சுற்றியிருந்த நீரும் வடிக்கப்பட்டது. கடல் போனது, ஊர் மட்டும் திரும்பவில்லை.

1834-ல் கட்டிய தேவாலயம் இன்று அருங்காட்சியகத்தின் பகுதி. காலியான எம்மலோர்ட் கிராமத்தின் பெயர், அருகே எழுந்த புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. 1995-ல் யுனெஸ்கோ தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்போதைய கவலை வேறு. நீர் வடிந்த மண் காய்ந்து இறுகுவதால் தீவு தாழ்கிறது. அதனால் அருகிலுள்ள நிலத்தில் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அஞ்சிக் கைவிட்ட மண்ணுக்கு இன்று தண்ணீர்தான் காவல்.